மண்டையில் அடிபட்ட பையனை மறுபடி எப்போது இறக்குவது?

தை பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் வயல்கள் இரண்டு வகை. சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் முன்னாலேயே உளுந்து தெளித்துவிட்ட வயல் ஒன்று, அதில் கால் வைத்தால் வரப்பில் நின்று திட்டுவார்கள். உளுந்து தெளிக்காத வயல் இன்னொன்று, அது ஊர்ப் பையன்களின் கிரவுண்ட். காய்ந்து இறுகிய களிமண், அறுத்த நெல்லின் மழுங்காத தாள், ஒரு மூலையில் கிரிக்கெட், இன்னொரு மூலையில் சுண்ணாம்பு போட்ட கபடிக் கோடு. பள்ளிக்கூடத்தில் காலையில் நான் ஒரு மணி நேரம் கபடி சொல்லித் தருகிறேன். அதே பையன் சாயங்காலம் அந்த வயலில் ஆடுகிறான், சனிக்கிழமை ராத்திரி பக்கத்து ஊர் லைட் மேட்சில் ஊர் டீமுக்கு இறங்குகிறான். ஒரே மண்டை, மூன்று கிரவுண்டு. இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன், பின்னால் இதற்குத்தான் திரும்பி வருவேன்.

புதிதாக உடற்கல்வி ஆசிரியராகச் சேர்ந்தவர்கள், பிள்ளையை டீமில் விட்டுவிட்டு மனசு கேட்காமல் கம்பிவேலிக்கு வெளியே நிற்கிற அப்பா அம்மாக்கள், ஊர் டீமை நடத்துகிற அண்ணன்கள், இவர்களுக்காக எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. டெல்டாவில் இருபது வருஷத்துக்கு மேல் விசில் ஊதிய பி.டி. வாத்தியார். ஒரு பெரிய தப்பும் செய்தவன்.

பள்ளிகளுக்குள் நடக்கிற குறுவட்டக் கபடிப் போட்டி, ஆட்டம் முடிய ஐந்து நிமிடம். இடது ஓரத்தில் நிற்கிற எங்கள் லெப்ட் கார்னர் பையன் கணுக்காலைப் பிடிக்கப் பாய்ந்தான், கபடி பாடி வந்தவனின் முட்டி இவன் பொட்டில் இறங்கியது. விழுந்தான், உடனே எழுந்துவிட்டான். முகத்தில் தண்ணீர் அடித்தேன். "என்னடா?" "ஒண்ணும் இல்ல சார்." இறக்கிவிட்டேன். அடுத்த ஆள் பாடப் போனபோது அவன் எதிர் டீம் பக்கத்தில் போய் கார்னரில் நின்றான். பையன்கள் சிரித்தார்கள், சொல்லவே கூசுகிறது, நானும் சிரித்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் இரண்டு தடவை வாந்தி. அப்புறம் என்னைப் பார்த்து, "மேட்ச் எப்ப சார் ஆரம்பிக்கும்?" என்றான். பஸ்ஸே அமைதியாகிவிட்டது. பையன் தப்பித்தான், இன்று டிராக்டர் வைத்து ஓட்டுகிறான். ஆனால் அந்த வருஷம் அரையாண்டில் கணக்கில் தேறவில்லை, வகுப்பில் பேசாமல் உட்கார்ந்திருப்பான், சத்தம் போட்டால் எரிந்து விழுவான். "கபடி ஆடி கெட்டுப்போச்சு" என்று சொன்னவர்கள் உண்டு. அது அடியின் வேலை என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

பொறி கலங்குவது என்றால் என்ன

"பொறி கலங்கிப் போச்சு" என்று நம் ஊரில் சொல்வார்கள். இதைவிடப் பொருத்தமான பேர் கிடையாது என்பது என் கட்சி. எலும்பு உடையவில்லை, ரத்தம் வரவில்லை, ஐம்பொறியும் கொஞ்ச நேரம் நிலை தவறியிருக்கிறது. டாக்டர்கள் கன்கஷன் என்கிறார்கள், தமிழில் மூளை அதிர்ச்சி. இடுப்பில் குடத்தோடு நடக்கிறவர் திடீரென்று நின்றால் உள்ளே தண்ணீர் தளும்பும் இல்லையா, அப்படி மண்டைக்குள் மூளை குலுங்குகிறது. நரம்பு இழைகள் இழுபடுகின்றன, செல்களுக்கு உள்ளேயும் வெளியேயும் இருக்கிற உப்புச் சமநிலை கலைகிறது, அதைச் சரிக்கட்ட மூளைக்கு நிறைய சக்தி வேண்டியிருக்கிற நேரத்தில் ரத்த ஓட்டம் குறைந்து கிடக்கிறது. வெளியே ஒரு கீறல்கூட இல்லாமல் உள்ளே இவ்வளவும் நடக்கும்.

இதிலிருந்து மூன்று விஷயம் வருகிறது, மூன்றிலும் நாம் ஏமாறுகிறோம். நினைவு தப்பினால்தான் கன்கஷன் என்று நினைக்கிறோம். பத்தில் ஒன்பது பேருக்கு நினைவு தப்புவதே இல்லை. தலையில் பட்டால்தான் என்று நினைக்கிறோம். நெஞ்சில் பலமாக டேஷ் (ஓடிவந்து மோதித் தள்ளுவது) வாங்கி கழுத்து வெடுக்கென்று உதறினாலும் வரும். ஸ்கேன் நார்மல் என்றால் ஒன்றுமில்லை என்று நினைக்கிறோம். சி.டி. ஸ்கேன் ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும் காட்டும், கன்கஷனைக் காட்டாது. "ஸ்கேன் எடுத்தாச்சு சார், கிளியர், நாளைக்கு ஆடலாமா?" என்று கேட்கிற அப்பாக்களுக்கு நான் சொல்வது, மண்டை உடையவில்லை என்று தெரிந்துகொண்டோம், அவ்வளவுதான் என்று.

நாலாவதாக ஒன்று, இது உடனே தெரியாமலும் இருக்கும். 2020 டிசம்பர் 4, கான்பெரா, நம்ம சேலம் நடராஜன் முதல் டி20 ஆடிய மேட்ச், பார்த்திருப்பீர்கள். மிட்செல் ஸ்டார்க் பந்து ஜடேஜாவின் ஹெல்மெட்டில் பட்டது, அவர் தொடர்ந்து அடித்து ஆடி முடித்தார், இன்னிங்ஸ் இடைவேளையில்தான் தலைசுற்றுகிறது என்றார். அவருக்குப் பதில் சாஹல் வந்து மூன்று விக்கெட் எடுத்தார், ஆஸ்திரேலியக்காரர்கள் முணுமுணுத்தார்கள். அதற்கு முந்தின வருஷம் லார்ட்ஸில் ஆர்ச்சர் பந்து ஸ்டீவ் ஸ்மித் கழுத்தில் பட்டது. பரிசோதித்துப் பார்த்துச் சரி என்று அனுப்பினார்கள், திரும்பி வந்து ஆடினார், மறுநாள் காலை தலைவலியோடு எழுந்தார். டெஸ்ட் கிரிக்கெட்டில் முதல் கன்கஷன் மாற்று வீரராக லபுஷேன் இறங்கியது அப்படித்தான். பெரிய டாக்டர் பட்டாளம் பக்கத்தில் இருக்கிற இடத்திலேயே இந்தக் கதை. நம்மிடம் இருப்பது ஒரு தண்ணீர் பாட்டிலும் ஸ்ப்ரேயும்.

கிரவுண்டில் முதல் பத்து நிமிடம்

விசில். ஆட்டத்தை நிறுத்துங்கள். பையனைக் கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தாதீர்கள், நம் ஆட்கள் எல்லோரும் முதலில் செய்வது அதுதான். கழுத்தில் அடியா என்று தெரிகிறவரை அவன் கிடக்கிற நிலையிலேயே இருக்கட்டும். பக்கத்தில் மண்டியிட்டுப் பேர் சொல்லிக் கூப்பிடுங்கள், கழுத்து வலிக்கிறதா, கைகால் மரத்துப்போகிறதா, ஊசி குத்துகிற மாதிரி இருக்கிறதா என்று கேளுங்கள்.

கீழே சொல்வதில் ஒன்று இருந்தாலும் யோசிக்காமல் 108. கழுத்து வலி, இரட்டை இரட்டையாகத் தெரிவது, கை காலில் பலக்குறைவு அல்லது மரப்பு, வலிப்பு, நினைவு தப்பியது (அரை நிமிடம் என்றாலும்), நேரம் ஆக ஆக ஏறுகிற தலைவலி, வாந்தி, நேரம் ஆக ஆக மந்தமாகிப் போவது, காரணமில்லாமல் முரண்டு பிடித்து அடிக்க வருவது, மண்டையில் பள்ளம் மாதிரி தெரிவது. இப்படி இருக்கிற பையனை டூவீலரில் இரண்டு பேருக்கு நடுவில் உட்காரவைத்துக் கொண்டுபோகாதீர்கள். அவசரத்தில் நாம் செய்கிற மகா முட்டாள்தனம் இது, கழுத்தில் முறிவு இருந்தால் அந்தப் பயணத்திலேயே போய்விடும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சி.டி. ஸ்கேன் இருக்காது, ஆகையால் தஞ்சாவூர் மெடிக்கல், திருவாரூர் மெடிக்கல் மாதிரிப் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டி வரும், ஆம்புலன்ஸ்காரர்களிடம் தலையில் அடி என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

இவை எதுவும் இல்லை, எழுந்து உட்கார்ந்துவிட்டான். சரி, இப்போது பாருங்கள். எழுந்து நடக்கும்போது கால் பின்னுகிறதா, எங்கேயோ வெறித்துப் பார்க்கிறானா, கேட்டதற்குப் பதில் தாமதமாக வருகிறதா, தலையைக் கையால் பிடித்துக்கொண்டிருக்கிறானா, வெளிச்சம் கூசுகிறதா. அப்புறம் கேள்வி. "ஒண்ணும் இல்லையே?" என்று கேட்காதீர்கள், "ஒண்ணும் இல்ல சார்" என்ற பதில் அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. இப்படிக் கேளுங்கள்: இப்ப எந்த ஊர் கிரவுண்டுல இருக்கோம்? இது முதல் பாதியா ரெண்டாவதா? கடைசியா பாயிண்ட் எடுத்தது யாரு? போன மேட்ச் யாரோட ஆடினோம், ஜெயிச்சோமா? இவை நான் கண்டுபிடித்த கேள்விகள் இல்லை, உலகம் பூராவும் விளையாட்டு டாக்டர்கள் கேட்பது இவற்றைத்தான். இன்றைக்கு என்ன தேதி, பிரதமர் யார் என்பதெல்லாம் அடிபட்டவனுக்கும் தெரியும், நம்மில் சிலருக்கு அடிபடாமலே தெரியாது.

எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னால்? அப்போதும் சந்தேகம் ஒரு துளி இருந்தால் அவனுக்கு அன்றைய ஆட்டம் முடிந்தது. பதினைந்து நிமிடம் கழித்து நன்றாக இருந்தாலும் முடிந்தது. பைனல் என்றாலும் முடிந்தது. இதில் மட்டும் பேரம் கிடையாது. கபடியில் 12 பேர் டீம், 7 பேர் கோட்டுக்குள், 5 பேர் வெளியே உட்கார்ந்திருக்கிறார்கள், ஆள் இல்லை என்று சொல்ல வழியே இல்லை. தலைசுற்றல் வெயிலால்கூட இருக்கலாமே என்பீர்கள், மாசி வெயிலில் இருக்கலாம்தான், ஆனால் அடி பட்டதைக் கண்ணால் பார்த்துவிட்டு வெயில்மேல் பழிபோட வேண்டாம்.

ஏன் இவ்வளவு கறார்? அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் ஸாக்கரி லிஸ்டெட் என்று 13 வயசுப் பையன், 2006ல் அவர்கள் ஊர் அமெரிக்கன் புட்பால் ஆட்டத்தில் தலையில் அடிபட்டு உட்கார்ந்தான், இடைவேளைக்குப் பிறகு திரும்ப இறக்கினார்கள், ஆட்டம் முடிந்ததும் சுருண்டு விழுந்தான். மூளையில் ரத்தக்கசிவு, உயிர் பிழைத்துத் திரும்பப் பேச, நடக்கப் பல வருஷம் போராட வேண்டியிருந்தது. 2009ல் அவன் பெயரிலேயே அந்த மாநிலத்தில் சட்டம் வந்தது, சந்தேகம் வந்தால் வெளியே, மருத்துவர் எழுதித் தராமல் உள்ளே இல்லை என்று. ஐந்தே வருஷத்தில் அந்த நாட்டின் எல்லா மாநிலங்களும் ஏதோ ஒரு வடிவில் அதை எழுதிக்கொண்டன. முதல் அடி ஆறுவதற்குள் இரண்டாவது அடி விழுந்தால் மூளை வேகமாக வீங்கிப்போகலாம். அபூர்வம்தான், ஆனால் வந்தால் பிழைப்பது கஷ்டம், வளருகிற வயசுப் பிள்ளைகளிடம்தான் பெரும்பாலும் பார்த்திருக்கிறார்கள். அவ்வளவு தூரம் போகாவிட்டாலும், பொறி கலங்கியவன் ஒரு நொடி தாமதமாக நகருவான், அந்த ஒரு நொடியில் முட்டி போகும், கணுக்கால் போகும்.

அந்த ராத்திரி

வீட்டுக்குத் தனியாக அனுப்பாதீர்கள், சைக்கிளில் அனுப்பவே கூடாது. வீட்டில் யாராவது பெரியவரிடம் நேரில் அல்லது போனில் சொல்லுங்கள். பையனிடம் சொல்லி அனுப்பினால் போய்ச் சேராது, அவனுக்கே பாதி ஞாபகம் இருக்காது, மீதியை மறைத்துவிடுவான். பெண் பிள்ளைகள் இன்னும் கெட்டியாக மறைப்பார்கள். தலையில் அடி என்று தெரிந்தால் "போதும் நீ விளையாடினது" என்று வீட்டில் நிறுத்திவிடுவார்கள் என்ற பயம், அது நியாயமான பயமும்கூட. அதனால் அந்த அம்மாவிடம் பேசும்போது, "இது ஆறும், ஆறினதும் மறுபடி ஆடலாம்" என்பதை முதலில் சொல்லிவிட்டு மற்றதைச் சொல்வது என் வழக்கம்.

வீட்டில் நடக்கிற வைத்தியத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீங்கின இடத்தில் மஞ்சள் பத்து போடுகிறீர்களா, தோல் கிழியாமல் இருந்தால் போடுங்கள், நான் தடுக்கவில்லை, ஐஸைத் துணியில் சுற்றி வைத்தால் இன்னும் நல்லது. திருஷ்டி சுற்றிப் போடுவதில் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் வீக்கம் வெளியே, காயம் உள்ளே, பத்து போட்டுவிட்டோம் என்று நிம்மதியாகிவிடாதீர்கள். வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய ஏதோ ஒரு மாத்திரை வேண்டாம். ஆஸ்பிரின், ஐபுபுரோபன் வகை ரத்தக்கசிவு இருந்தால் அதை அதிகமாக்கும். அவசியம் என்றால் பாரசிட்டமால், அதுவும் டாக்டரைக் கேட்டு.

"தூங்க விடாதே, தூங்கினால் கோமாவுக்குப் போய்விடுவான்" என்று பாட்டிகள் சொல்வார்கள். பாட்டி சொன்னதன் பின்னால் ஒரு உண்மை உண்டு. மண்டை ஓட்டுக்கும் மூளை உறைக்கும் நடுவில் மெதுவாக ரத்தம் கசிந்தால், முதலில் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவன் சில மணி நேரத்தில் சாய்ந்துவிடுவான். இந்திய டெஸ்ட் வீரர் ராமன் லாம்பா 1998 பிப்ரவரியில் டாக்காவில் ஷார்ட் லெக்கில் ஹெல்மெட் இல்லாமல் நின்று பந்து பட்டு, தானே நடந்து வெளியே போனவர்தான், மூன்று நாளில் இறந்துபோனார். ஆகவே முதல் நாலு மணி நேரம் விழித்த கண்ணோடு பார்த்துக்கொள்ளுங்கள், டாக்டரிடமும் காட்டிவிடுங்கள். அதற்குப் பிறகு எல்லாம் சரியாக இருந்தால் தூங்கட்டும், தூக்கம்தான் அவனுக்கு மருந்து. மூச்சு சீராக இருக்கிறதா, புரண்டு படுக்கிறானா என்று நடுவில் ஒரு தடவை பாருங்கள். மேலே 108க்குச் சொன்னது எது வந்தாலும் ராத்திரி இரண்டு மணி என்று பார்க்காமல் கிளம்புங்கள். சந்தேகம் கேட்க அரசு சுகாதார உதவி எண் 104ஐயும் கூப்பிடலாம்.

முதல் இரண்டு நாள் ஓய்வு. ஓய்வு என்றால் இருட்டறையில் அடைத்துப் போடுவது இல்லை. அந்தக் காலத்தில் அப்படித்தான் சொன்னார்கள், இப்போது மாற்றிக்கொண்டுவிட்டார்கள். 2022ல் ஆம்ஸ்டர்டாமில் உலக விளையாட்டு மருத்துவர்கள் கூடிப் பேசி மறுவருஷம் வெளியிட்ட கன்கஷன் அறிக்கையில், முழுப் படுக்கை ஓய்வு உதவவில்லை, 24 முதல் 48 மணி நேரம் வேலையைக் குறைத்துக்கொண்டு, வீட்டுக்குள் நடமாடி, மெல்ல நடக்கலாம் என்றுதான் இருக்கிறது. அந்த இரண்டு நாள் செல்போனைக் குறைத்தால் சீக்கிரம் ஆறும் என்றும் பார்த்திருக்கிறார்கள். போனைப் பிடுங்குவதற்கு டாக்டர் பேர் சொல்ல ஒரு வாய்ப்பு, பெற்றோர்கள் விட்டுவிடாதீர்கள்.

முதலில் வகுப்பு, அப்புறம் கிரவுண்டு

நம்மில் நிறையப் பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். தலைவலி என்று வகுப்புக்கு வராதவன் சாயங்காலம் பிராக்டிஸுக்கு வந்துவிடுகிறான். முழு நாள் வகுப்பில் தலைவலி கூடாமல் உட்கார முடியாதவனுக்குக் கபடிப் பிடி கிடையாது, வரிசை அதுதான்.

வகுப்பு ஆசிரியரிடம் நீங்கள்தான் போய்ச் சொல்ல வேண்டும். "முதல் சில நாள் அரை நாள் வரட்டும் மேடம், போர்டைப் பார்த்து எழுதவைக்க வேண்டாம், பக்கத்துப் பையன் நோட்டை ஜெராக்ஸ் எடுத்துக்கட்டும், இந்த வாரம் டெஸ்ட் வைக்காதீங்க." இவ்வளவுதான் கேட்பது. எங்கள் பக்கம் அடிபடுகிற சீசன் தை, மாசி, பொதுத்தேர்வு மாசி, பங்குனியில். பத்தாவது, பன்னிரண்டாவது பிள்ளை என்றால் இந்தப் பேச்சைத் தள்ளிப்போடாதீர்கள். படித்தது மண்டையில் ஏறவில்லை என்று அவன் சொல்வது சாக்கு இல்லை. கோபம், அழுகை, தூக்கம் கெடுவது எல்லாம் இதன் அறிகுறிகள்தான். நான் என் கார்னர் பையனிடம் பார்த்தும் பார்க்காமல் விட்டது இதைத்தான்.

படிப்படியாக ஏற்றுவது

ஆம்ஸ்டர்டாம் அறிக்கையில் ஆறு படி இருக்கிறது. அதைக் கபடிக்கு நான் இப்படி மாற்றிவைத்திருக்கிறேன், உங்கள் ஆட்டத்துக்கு நீங்கள் மாற்றிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள், இரண்டு படியை ஒரே நாளில் தாண்டக் கூடாது.

முதல் படி, அன்றாட வேலை. குளத்துக்கரை வரை நடந்து வருவது, கடைக்குப் போவது.

இரண்டாவது, லேசாக மூச்சு வாங்குகிற வேலை. முதல் நாள் வேக நடை 15 நிமிடம், பிறகு மெல்லோட்டம். எவ்வளவு வேகம் என்பதற்கு நாடியைப் பிடியுங்கள், மெஷின் வேண்டாம். 220லிருந்து வயசைக் கழித்தால் வருவது அதிகபட்சத் துடிப்பு, 15 வயசுக்கு 205. முதலில் அதில் பாதிக்குக் கொஞ்சம் மேல், அதாவது 15 விநாடி எண்ணினால் 28ஐத் தாண்டாமல், அது ஒத்துக்கொண்டால் 36 வரை. அப்படியே தலைவலிக்குப் பத்துக்கு மார்க் போடச் சொல்லுங்கள். ஆரம்பிக்கும்போது 1 என்றவன் ஓடியபிறகு 2, 3 என்றால் பரவாயில்லை, ஒரு மணி நேரத்தில் இறங்கிவிட வேண்டும். அதற்கு மேலே ஏறினால் அன்றைக்கு நிறுத்திவிட்டு மறுநாள் அதே படி. மார்க் போடச் சொன்னால் பையன்கள் உண்மையைச் சொல்கிறார்கள், "வலிக்குதா?" என்றால் சொல்வதில்லை. எப்படி என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

மூன்றாவது, தனியாகக் கபடி வேலை. பாட்டு சொல்லிக்கொண்டே கோட்டிலிருந்து கோட்டுக்கு ஓட்டம், திடீர் திருப்பம், கால் வைப்பு, போனஸ் கோட்டைத் தொட்டுத் திரும்புவது. பக்கத்தில் யாரும் வரக் கூடாது, தலைகுப்புறப் பாய்ச்சல் கிடையாது.

இங்கே நிறுத்துங்கள். இதற்கு மேலே போக ஓய்விலும் ஓட்டத்திலும் ஒரு அறிகுறியும் இருக்கக் கூடாது, டாக்டரின் கையெழுத்தும் வேண்டும். ஆரம்ப சுகாதார நிலைய டாக்டராக இருக்கலாம், குழந்தைகள் டாக்டராக இருக்கலாம். "பிட்", அதாவது ஆடத் தகுதி, என்று ஒரு வார்த்தை எழுதிய சீட்டு எனக்குப் போதாது, தலையில் எந்தத் தேதியில் அடி, இன்று அறிகுறி இல்லை, உடம்போடு உடம்பு மோதுகிற விளையாட்டுக்குப் போகலாம் என்று எழுதி வாங்கிவரச் சொல்வேன். முதல் தடவை போனபோது டாக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். இரண்டாவது தடவை அவரே கேள்வி கேட்டார்.

நான்காவது, டீமோடு ஆனால் பிடி இல்லாமல். கைகோத்துச் செயின் போட்டு நகர்வது, தொட்டால் அவுட் என்கிற தொடு கபடி. ஐந்தாவது, முழுப் பிராக்டிஸ், பிடி, டேஷ் எல்லாம், மேட் விரித்த இடத்திலோ கொத்தி விட்ட மண்ணிலோ மட்டும். இதில் பையனின் முகத்தையும் பாருங்கள், பயந்து தலையைத் திருப்பிக்கொண்டு பிடிக்கப் போகிறவன் இன்னொரு அடி வாங்குவான், அவனுக்கு இன்னும் இரண்டு நாள் கொடுங்கள். ஆறாவதுதான் மேட்ச். நான்கு, ஐந்தில் எந்த அறிகுறி திரும்ப வந்தாலும் மூன்றாவது படிக்கு இறங்க வேண்டும்.

ஆறு படி, ஆறு நாள் என்று கணக்குப் போடாதீர்கள். பிள்ளைகளுக்குப் பெரியவர்களைவிட அதிக நாள் எடுக்கும், நாலு வாரம் வரைக்கும் எடுப்பது சாதாரணம். நாலு வாரமும் தாண்டினால் கட்டாயம் நரம்பியல் டாக்டரிடம் அனுப்ப வேண்டும். பிரிட்டன் 2023ல் தன் பள்ளி, கிளப் ஆட்டங்களுக்கு எழுதிய விதிமுறையில் 21 நாளுக்கு முன் போட்டி கிடையாது, அறிகுறி இல்லாமல் 14 நாள் கழியும்வரை தலையில் படக்கூடிய பயிற்சி கிடையாது என்றிருக்கிறது. நானும் அதையே எடுத்துக்கொண்டேன். காணும் பொங்கலன்று, ஜனவரி 17ல் அடி என்றால் பிப்ரவரி 7 வரை மேட்ச் இல்லை. தேதியாகச் சொன்னால் பையனும் ஏற்றுக்கொள்கிறான், அப்பாவும் ஏற்றுக்கொள்கிறார், தலைமை ஆசிரியரும் கோப்பையைப் பற்றிக் கேட்பதை நிறுத்துகிறார். ஒரே சீசனில் இரண்டாவது கன்கஷன் என்றால் இந்தக் கணக்கு செல்லாது, அது டாக்டர் சொல்கிற தேதி.

மூன்று கிரவுண்டுக்கும் சேதி

இவ்வளவும் நான் ஒழுங்காகச் செய்த ஒரு வருஷம், மூன்றாவது படியில் மெல்ல ஓடிக்கொண்டிருந்த பையன், சனிக்கிழமை ராத்திரி பக்கத்து ஊர் லைட் மேட்சில் ரைட் கார்னரில் நின்றிருக்கிறான். திங்கட்கிழமை வகுப்பில் யாரோ வீடியோ காட்டித்தான் எனக்குத் தெரிந்தது. ஊர் டீம் கேப்டனைக் கோபித்துக்கொள்ளப் போனேன். "எங்களுக்கு யாருமே சொல்லலையே சார்" என்றார். அவர் சொன்னது சரி, நான் பள்ளிக்கூடச் சுவருக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதிலிருந்து ஒரு 80 பக்க நோட்டு வைத்திருக்கிறேன். அடிபட்டவனுக்கு ஒரு பக்கம். தேதி, மணி, எப்படிப் பட்டது, முதலில் என்ன தெரிந்தது, வீட்டில் யாரிடம் சொன்னேன், எந்தப் படியில் இருக்கிறான், எந்தத் தேதிக்கு முன் இறங்கக் கூடாது. அந்தப் பக்கத்தை போனில் படம் எடுத்து அப்பாவுக்கு, வகுப்பு ஆசிரியருக்கு, ஊர் டீம் கேப்டனுக்கு. அப்பா வெளிநாட்டில் என்றால், இங்கே நிறைய வீட்டில் அப்படித்தான், அம்மாவுக்கும் தாய்மாமனுக்கும். ஊர் டீமுக்கு அனுப்பும் முன் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், பிள்ளையின் உடம்புச் சமாச்சாரம் அது. வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள், கேலிக்கு ஆள் சேர்ந்துவிடும். கேப்டனைத் தனியாகக் கூப்பிட்டு இப்படிச் சொன்னால் போதும்: "தம்பி, நம்ம பையனுக்கு மண்டைல அடி. ஏழாம் தேதி வரைக்கும் கோட்டுக்குள்ள விடாதீங்க. வந்தா ஸ்கோர் போட வைங்க." ஊர் அண்ணன்கள் மோசமானவர்கள் இல்லை, ஒருவர்கூட என்னிடம் மறுத்துப் பேசியதில்லை. ஒருவர் அந்தப் பையனை மைக் பிடிக்கவே வைத்துவிட்டார், அவன் வர்ணனை நன்றாகவே இருந்தது.

பையனிடமும் பேசுங்கள். மாநில அளவில் ஆடினால் சான்றிதழ், சான்றிதழ் இருந்தால் காலேஜ் சீட்டு, இந்தக் கணக்கு அவன் மண்டையில் ஓடிக்கொண்டே இருக்கும், அடிபட்டபோதும் நிற்காது. மூன்று வாரம் உட்கார்ந்தால் டீமில் இடம் போய்விடுமோ என்றுதான் "ஒண்ணும் இல்ல சார்" வருகிறது. இடம் உனக்குத்தான், எழுதியே தருகிறேன் என்று சொன்னால், சொன்னபடி வைத்திருந்தால், அடுத்த தடவை அவனே வந்து சொல்வான்.

கிரவுண்டைப் பற்றிக் கொஞ்சம்

டெல்டா களிமண் காய்ந்தால் சிமெண்ட்தான். ஆட்டத்துக்கு முந்தின நாள் மண்வெட்டியால் அரை அடி கொத்தி, கட்டியை உடைத்து, கல் பொறுக்கி, தண்ணீர் தெளித்து விடுங்கள். ஆற்று மணலுக்கு அலைய வேண்டாம், மரத்தூள் இருந்தால் கலக்கலாம், நாங்கள் ரைஸ் மில் உமியும் போட்டுப் பார்த்தோம், காற்றடித்தால் கண்ணில் விழுகிறது என்பது ஒன்றுதான் குறை. கோட்டிலிருந்து நாலு மீட்டருக்குள் கொடிக்கம்பம், திண்ணை, பைக் எதுவும் இருக்கக் கூடாது. வயலில் ஆடுகிறார்கள் என்றால் தாளை அறுத்து எடுத்துவிட்டு ஆடச் சொல்லுங்கள்.

ஹெல்மெட் போட்டால் கன்கஷன் வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஹெல்மெட் மண்டை ஓட்டைக் காக்கும், உள்ளே குலுங்குவதை நிறுத்தாது. அதற்காகக் கார்க் பந்துக்கு ஹெல்மெட் இல்லாமல் நிற்க விடலாம் என்று அர்த்தமில்லை. கணுக்கால் பிடி சொல்லித் தரும்போது, தலை பாடி வருகிறவனின் முட்டிக்கு நேரே போகாமல் வெளிப்பக்கம் இருக்கும்படி மெதுவாக, நூறு தடவை, நடந்தபடியே செய்யவையுங்கள், அப்புறம் வேகம். என் கார்னர் பையனுக்கு நான் வேகத்தைத்தான் முதலில் சொல்லித் தந்தேன்.